ஃபெட்சில் 404 ஏன் பிழையாக வருவதில்லை?

ஜாவாஸ்கிரிப்டில் சர்வரிடம் தரவு கேட்க உதவும் ஆக்சியோஸ் நூலகத்திலிருந்து, பிரவுசரிலேயே உள்ள ஃபெட்சுக்கு மாறியபின், பிழைகளைப் பிடிக்கும் கேட்ச் பகுதியில் 404 ('கேட்டது கிடைக்கவில்லை') வராமல் "எதிர்பாராத '<' குறி" என்று ஜேசான் (தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) பிழை வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். சர்வர் மேல் பழி இல்லை, நண்பரே.

சர்வர் பதிலின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் எண்ணாக 200 முதல் 299 வரை இல்லாத எது வந்தாலும் ஆக்சியோஸ் தானாகவே பிழை எழுப்பும். ஃபெட்ச் அப்படியல்ல. பதில் வந்து சேர்ந்தாலே அதற்குப் போதும். 404, 500 (சர்வர் பிழை) எல்லாம் அதன் கணக்கில் வெற்றிதான். இணைப்பு அறுந்தாலோ, வேறு தளங்களுக்கான கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தும் பிரவுசர் விதியான கார்ஸ் தடுத்தாலோ, கோரிக்கையை நீங்களே நிறுத்தினாலோதான் கேட்சுக்குப் போகும். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் எச்டிஎம்எல் பிழைப் பக்கம். அதன் முதல் எழுத்துதான் அந்த '<'. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் பதிலைத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம்.

எனவே ஜேசானாகப் பிரிப்பதற்கு முன்பே ரெஸ்பான்ஸின் (வந்த பதிலின்) 'ஓகே' பண்பைச் சோதியுங்கள்; எண் 200 முதல் 299 வரை இருந்தால்தான் அது மெய். பொய் என்றால் ஸ்டேட்டஸ் எண்ணோடு நீங்களே பிழையை எறியுங்கள். இதை ஒவ்வோர் இடத்திலும் எழுதாமல் ஒரே ஃபங்ஷனில் வைத்துவிடுங்கள்.

சர்வருக்குத் தரவு அனுப்பும் போஸ்ட் கோரிக்கைகளையும் ஒருமுறை பாருங்கள். ஆக்சியோஸ் ஆப்ஜெக்டைத் தானே ஜேசானாக்கி, அனுப்புவது எந்த வகைத் தரவு என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரையும் சேர்த்துவிடும். ஃபெட்சில் இரண்டும் உங்கள் வேலை. ஜேசானாக்க மறந்தால் சர்வருக்கு உங்கள் தரவுக்குப் பதில் '[object Object]' என்ற பயனற்ற எழுத்துச் சரம்தான் போகும்.