டம்ளர் விழுந்துடுச்சு

வணக்கம் சார்,

நிலாவுல இறங்கின ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் ரெண்டு பேரும் திரும்பி வரமுடியாம போயிட்டா டிவில படிக்கறதுக்குன்னு அமெரிக்க ஜனாதிபதி நிக்சனுக்கு ஒரு இரங்கல் உரை தயாரா எழுதி வெச்சிருந்தாங்கன்னு போன வாரம்தான் தெரிஞ்சுகிட்டேன். படிச்சதுலேருந்து மனசு சரியில்ல. ஆளுங்க கிளம்பறதுக்கு முன்னாடியே சாவுக்கு எழுதி வெக்கறது ஈரமில்லாத வேலையா உங்களுக்குத் தெரியலையா? எங்க பாட்டியா இருந்தா "வாயக் கழுவு"ன்னு சொல்லியிருக்கும். கூடப் போன காலின்ஸையும் சேர்த்து அந்த மூணு பேருக்கும் இது தெரிஞ்சிருந்தா எப்படி இருந்திருக்கும்? அப்புறம், வெறும் எழுத்தா பார்த்தா அந்த உரை எப்படி? நேரம் இருந்தா எழுதுங்க.

பிரபு

அன்புள்ள பிரபு,

நேரம் இல்லதான். ஆனா இதே விஷயம் ரெண்டு மாசமா என் தலைக்குள்ள ஓடிட்டு இருக்கு, நீங்க வந்து சரியா அங்கயே கைய வெச்சுட்டீங்க.

முதல்ல தேதிய சரி பண்ணிக்கங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எழுதினது இல்ல அது. ராக்கெட் கிளம்பினது 1969 ஜூலை 16. வில்லியம் சஃபயர், நிக்சனுக்கு உரை எழுதித் தர்றவர், அந்தக் குறிப்புல போட்டிருக்கற தேதி ஜூலை 18. அதாவது ஆளுங்க நிலாவுக்குப் போற வழில இருக்காங்க, கீழ ஒருத்தர் உக்காந்து டைப் அடிச்சிட்டு இருக்கார். இது இன்னும் மோசம்னு நீங்க சொல்லலாம். எனக்கு அப்படித் தோணல. தேதிகூடப் பார்க்காம ஈரமில்லன்னு எழுதறீங்களே, அதுதான் எனக்குக் கோவம்.

அப்புறம் இந்த யோசனையக் கிளப்பினது யாருன்னு நினைக்கறீங்க, ஃப்ராங்க் போர்மன். அப்போலோ 8ல போய் நிலாவச் சுத்திட்டு வந்த ஆளு. போயிட்டு வந்தவன்தான் "ஏடாகூடமா ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு யோசிச்சு வெச்சுக்கங்க, அவங்க சம்சாரங்களுக்கு என்ன செய்யப்போறீங்க"ன்னு கேட்டிருக்கார். எங்க மாட்டிப்பாங்கன்னு அவருக்குத் தெரியும். நிலாவுலேருந்து மேல ஏறுறதுக்கு இருந்தது ஒரே ஒரு எஞ்சின், அதுக்கு மாத்து கிடையாது, அது பத்திக்கலன்னா ரெண்டு பேரும் அங்கயேதான். நிஜத்துல அந்த எஞ்சினுக்கான சுவிட்சோட முனை உள்ள நகரும்போது இடிச்சு ஒடைஞ்சு கிடந்துச்சு, ஆல்ட்ரின் ஒரு ஸ்கெட்ச் பேனா முனைய விட்டுத்தான் அத அமுக்கினார். ஒரு பேனா, பிரபு.

மூணு பேருக்கும் தெரிஞ்சிருந்தான்னு கேக்கறீங்க. இத யாரு அவங்களுக்குப் போய் சொல்லித் தரணும்? மேல தனியா சுத்திட்டு இருந்த மைக்கேல் காலின்ஸ், அவங்கள அங்க விட்டுட்டுத் தான் மட்டும் திரும்பி வரணுமோங்கறதுதான் ஆறு மாசமா தன்னோட ரகசிய பயம்னு பின்னாடி எழுதியே இருக்கார். அந்தக் கேள்விய விடுங்க.

அந்தக் குறிப்புல உரைய விட எனக்கு முக்கியமா படறது அதுக்குக் கீழ இருக்கற ரெண்டு வரி. உரைய வாசிக்கறதுக்கு முன்னாடி ஜனாதிபதி, விதவை ஆகப்போறவங்க ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணணும். ஆகப்போறவங்க, கவனிங்க. இன்னும் ஆகல. புருஷன் அங்க மூச்சு விட்டுட்டுதான் இருக்கான். உரையே அப்படித்தான் இருக்கு, தங்களுக்கு மீட்சி இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்னு வருது. அப்புறம் நாசா தொடர்ப நிறுத்தற நேரத்துல ஒரு பாதிரியார், கடல்ல அடக்கம் பண்றப்ப சொல்ற முறைப்படி அவங்கள ஒப்படைக்கணும். உயிரோட இருக்கறவங்களுக்கு. இத யோசிச்சுப் பார்த்து எழுதினவனுக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கியிருக்கும்னு நினைக்கறீங்களா, இவனப் போய் ஈரமில்லாதவன்னு சொல்றீங்க. பாட்டி சொல்ற "வாயக் கழுவு"ல இருக்கறது பாசம் இல்லன்னு சொல்லல, ஆனா அது கண்ண மூடிக்கற பாசம். சஃபயர் கண்ணத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கார். (அந்தக் காகிதம் வெளிய வந்ததே 1999லதான், முப்பது வருஷம் கழிச்சு.)

சரி, உங்க கடைசிக் கேள்வி, எழுத்தா எப்படி. அழகா இருக்கு. அங்கதான் எனக்குப் பிரச்சனை. முதல் வரியே, அமைதியா ஆராயப் போனவங்க நிலாவுலயே அமைதியா உறங்கணும்னு விதி தீர்மானிச்சிருக்கு, அப்படின்னு ஆரம்பிக்குது. விதியா? விதியா ராக்கெட் விட்டுச்சு? விதியா ஒரே ஒரு எஞ்சின் போதும்னு முடிவு பண்ணுச்சு? காது கேக்க நல்லா இருக்கு, ஆனா அந்த வாக்கியத்துல செஞ்சவன் யாருமே இல்ல.

இப்ப இன்னொரு காகிதத்தப் பாருங்க. 1944, ஹிட்லர் படைய எதிர்த்து பிரான்ஸோட நார்மண்டிக் கரைல நேச நாட்டுப் படை எறங்கறதுக்கு முந்தின நாள். தோத்துட்டா சொல்றதுக்குன்னு படைத் தலைவர் ஐசன்ஹோவர் பென்சில்ல ஒரு குறிப்பு எழுதறார், மொத்தமே நாலு வாக்கியம். இருந்த பதட்டத்துல ஜூன் 5க்கு பதிலா ஜூலை 5னு தேதி போட்டிருக்கார். அதுல ஒரு அடித்தல் இருக்கு, என்னக் கேட்டா ராணுவச் சரித்திரத்துலயே பெரிய அடித்தல் அதுதான். முதல்ல "படைகள் திரும்பப் பெறப்பட்டன"ங்கற மாதிரி எழுதறார். அத அடிச்சுட்டு "படைகளை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்"னு மாத்தறார். அடுத்த வரில "இந்த நடவடிக்கை"ன்னு ஆரம்பிச்சத அடிச்சுட்டு "தாக்குவது என்ற என் முடிவு". கடைசி வரி, ஏதாவது பழி இருந்தா அது என் ஒருத்தனுடையது மட்டும்தான். மடிச்சு பர்ஸ்ல வெச்சுகிட்டார், அப்புறம் மறந்தே போயிட்டார். இதுல அழகுன்னு ஒண்ணும் இல்ல. ஆனா ஆளு இருக்கான்.

நமக்கு இதுல ஒரு தனி சௌகரியம் இருக்கு, அத நான் ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்கேன், யாரும் கேக்கறதில்ல. "டம்ளர் விழுந்துடுச்சு." வீட்டுல எந்தக் குழந்தையாவது "நான் டம்ளர போட்டுட்டேன்"னு வந்து சொல்லிக் கேட்டிருக்கீங்களா? டம்ளர் தானா விழும், கண்ணாடி தானா உடையும், கை தவறிடும், பால் பொங்கிடும், பணம் செலவாயிடும். உடைஞ்சது, உடைச்சேன்னு ஒரே சொல்ல ரெண்டு விதமா நீட்டற மொழி நம்மளது, ஒரு "ச்ச" தான் வித்தியாசம், அந்த "ச்ச"வ சொல்ல வாய் வராம வளர்ந்து ஆபீஸ் போய் "தவிர்க்க முடியாத காரணங்களால்"னு லெட்டர் அடிக்கறோம். எனக்கு வர்ற கடிதங்கள்லயே பாதி இப்படித்தான் இருக்கு சார், "கதை அனுப்பத் தாமதமாகிவிட்டது". தாமதம் தானாவா ஆச்சு?

உடனே யாராவது இஸ்ரோ தலைவரா இருந்த தவான் பேர எடுத்துட்டு வருவீங்கன்னு தெரியும், நானே சொல்லிடறேன். 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடல்ல விழுந்தப்ப பொறுப்புல இருந்தது கலாம், பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் நின்னது சதீஷ் தவான். அடுத்த வருஷம் ஜெயிச்சப்ப கலாம அனுப்பி வெச்சார். நூறு மேடைல கேட்டாச்சு, இருந்தாலும் உண்மை. 2019ல சந்திரயான்-2 கொண்டுபோன விக்ரம் லேண்டர் நிலாவுல எறங்கறப்ப சிக்னல் போனதும், அப்ப இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் "தொடர்பு துண்டிக்கப்பட்டது"ங்கற மாதிரிதான் அறிவிச்சார், அதுல நான் குத்தம் சொல்லமாட்டேன். என்ன ஆச்சுன்னே தெரியாத நிமிஷத்துல ஆளத் தேடக்கூடாது.

இவ்ளோ பேசறேனே, நான் என்ன பண்ணினேன்னு சொல்லிடறேன். அம்மாவுக்கு இதய ஆபரேஷன். அம்மா வேண்டாம்னுச்சு. இருக்கற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்டான்னுச்சு. நான்தான் ஒரு மாசம் மல்லுக்கட்டி, டாக்டர விட்டுப் பேச வெச்சு, கடைசில அழுது காரியம் சாதிச்சு, படிவத்துல கையெழுத்தும் போட்டேன். நாலு மணி நேரம்னாங்க. ஆறு மணி நேரம் ஆச்சு, உள்ளேருந்து ஒரு தகவல் இல்ல. வெளிய பெஞ்ச்ல உக்காந்து போன எடுத்து சொந்தக்காரங்களுக்கு அனுப்ப ஒரு மெசேஜ் டைப் பண்ணினேன். "அம்மா இன்று" அப்புறம் மணிக்கு ஒரு இடம் காலியா விட்டுட்டு, "சிகிச்சை பலனின்றி". பக்கத்துல இருந்த தங்கச்சி பார்த்துட்டா. ஒரு வார்த்தை பேசல, எழுந்து போய் எதிர் பெஞ்ச்ல உக்காந்துகிட்டா.

அவ போனப்புறம்தான் அந்த வரிய நானே படிச்சுப் பார்த்தேன். பலனின்றியாம். சிகிச்சை தானா நடந்துச்சா? அத அழிச்சுட்டு "நான்"னு டைப் பண்ணினேன். அதுக்கு மேல ஒரு எழுத்து வரல. கர்சர் பாட்டுக்கு மினுக்கிட்டே இருந்துச்சு. அப்பதான் கதவு திறந்துச்சு, நல்லா இருக்காங்கன்னாங்க.

அப்புறம் ஒன்பது வருஷம் இருந்துச்சு அம்மா. நடுவுல ஒருநாள் என்னமோ பேச்சுல இத சொல்லித் தொலைச்சுட்டேன், திட்டும்னு நினைச்சா "எங்க, காட்டு"ன்னு கண்ணாடியப் போட்டுகிட்டு போன வாங்கிப் படிச்சுது. அழிக்காமத்தான் வெச்சிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நான்னு இருக்கு, மிச்சத்தக் காணோமே"ன்னுச்சு. எழுத வரலம்மான்னேன். "அதான பார்த்தேன், படிவத்துல மட்டும் பெருசா கையெழுத்துப் போட்ட"ன்னு போனத் திருப்பிக் குடுத்துட்டு டிவிய சத்தமா வெச்சுகிச்சு.