கால் எரிச்சல் போய்விட்டது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. ராத்திரியில் பாதம் எரிகிறது என்று 6 மாதமாக ஹோமியோபதியில் ஹைபெரிகம் 30 சாப்பிடுகிறார். இப்போது எரிச்சல் இல்லை, மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார். நரம்பு சரியாகிவிட்டது என்று மெட்ஃபார்மினை விடப் பார்க்கிறார். விடலாமா?

பதில்: விடவே கூடாது. இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

'மரத்த மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்பும் கெடும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடும், உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் முதலில் அங்கேதான் தெரியும். கெட்டுக்கொண்டிருக்கும் நரம்புதான் எரியும், குத்தும். அது உணர்வையே இழந்துவிட்டால் எரிச்சலும் போய்விடும். பார்ப்பதற்குக் குணமான மாதிரியே இருக்கும், ஆனால் முள் குத்தினால்கூடத் தெரியாது. வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றிவிட்டு, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு மறுநாள்தான் கவனித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த உருண்டை? 30 வீரியம் என்றால் மூல மருந்தை நூறில் ஒரு பங்காக முப்பது தடவை நீர்க்கச் செய்தது, அதில் மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வழியில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-இல் சொன்னது. அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இருந்தால் சண்டை போடாதீர்கள், சாப்பிடட்டும், ஆனால் அதை நம்பி சர்க்கரை மருந்தை மட்டும் விடக் கூடாது.

இந்த வாரமே சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், வலியே இருக்காது. ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள், கூடவே வைட்டமின் பி12-ம். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவும் இதே மாதிரி மரக்க வைக்கும், நல்லவேளையாக அதை மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்துவிடலாம். எரிச்சல் திரும்ப வந்தால் பிரிகாபலின், டுலாக்ஸெடின் போல வலியைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன, நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம்.

அப்புறம், வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) போடட்டும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் நீங்களே அவர் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு வரை பாருங்கள். சின்னப் புண்ணோ கொப்புளமோ தென்பட்டால், வலிக்கவில்லையே என்று அவர் சொன்னாலும் காலையில் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.