ஆண்ட்ராய்டா, ஐபோனா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்பதால் ஆளாளுக்கு இதைத்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஐந்து வருடமாக ஆண்ட்ராய்டுதான். நோவா லாஞ்சர் (முகப்புத் திரையையே மாற்றித் தரும் ஆப்), ஐகான் பேக் எல்லாம் போட்டு என் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறேன். ஐபோனுக்கு மாறினால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்குமா?

முன்பு அப்படித்தான் இருந்தது, தம்பி. வேறு கீபோர்டு போடவே 2014இல் ஐபோனின் சிஸ்டமான ஐஓஎஸ்ஸின் 8ஆம் பதிப்பு வர வேண்டியிருந்தது. முகப்புத் திரையில் விட்ஜெட் வைக்க 2020. ஐகானை நினைத்த இடத்தில் நிறுத்த, நம்புங்கள், 2024இல் ஐஓஎஸ் 18! ஆண்ட்ராய்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. லாஞ்சரையே மாற்றுவது அங்கே இப்போதும் நடக்காது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் லாஞ்சரில் கடைசியாக எப்போது கை வைத்தீர்கள்? ஒரு வருடம் ஆகிவிட்டது என்றால் மாறலாம், பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. போன வாரம்தான் என்றால் பேசாமல் இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்த ஒரு ஆப் போட்டேன். இரண்டு நாள் ஒழுங்காக அடித்தது, மூன்றாம் நாள் சத்தமே இல்லை. ஆண்ட்ராய்டே நம்ப முடியாததா?

என் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. ஆப்பின் மேல் சந்தேகப்பட்டு அழித்து அழித்துப் போட்டேன். குற்றவாளி பேட்டரி சேமிப்பு.

2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது, சும்மா கிடக்கும் போனைத் தூங்கவைக்கும் டோஸ் என்ற ஏற்பாட்டை கூகுள் கொண்டுவந்தது. அலாரத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் போன் தயாரிப்பவர்கள் பலர் "இரண்டு நாள் சார்ஜ் நிற்கும்" என்று விளம்பரம் செய்வதற்காக அதற்கு மேல் தங்கள் கத்தியையும் தீட்டுகிறார்கள். நீங்கள் திறக்காத ஆப்பை அடியோடு நிறுத்திவிடுவார்கள். பாவம், மாத்திரை ஆப்பை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்?

செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். ஆப்பைத் தானாகத் தொடங்கவிடும் ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பெரிய அப்டேட் வந்ததும் இரண்டையும் மறுபடி பாருங்கள், சில போன்களில் பழையபடி ஆகிவிடும். இத்தனை தலைவலி வேண்டாம் என்றால் போனோடு வரும் கடிகார ஆப்பிலேயே அலாரம் வையுங்கள். நான் கடைசியில் அதைத்தான் செய்தேன்.

ஐபோனில் இந்தத் தொல்லை குறைவு. ஆப் தன் நினைவூட்டலை சிஸ்டத்திடமே ஒப்படைத்துவிடுவதால் ஆப் மூடியிருந்தாலும் நேரத்துக்கு வரும். ஆனால் சைலண்டில் கிடந்தால் பெரும்பாலான ஆப்களின் நினைவூட்டல் சத்தமில்லாமல்தான் வரும். கடிகார ஆப்பின் அலாரம் அப்போதும் அடிக்கும்.

கேள்வி: சார், பழைய போனை ரூட் செய்து (அதன் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்து) லீனியேஜ் ஓஎஸ் என்ற வேறு ஆண்ட்ராய்டு வடிவத்தைப் போடலாமா? பேங்க் ஆப் வேலை செய்யுமா?

போடலாம். 2016 கடைசியில் சயனோஜென்மாட் என்ற இதே மாதிரி ஆண்ட்ராய்டு வடிவம் மூடப்பட்ட பிறகு அதன் வாரிசாக வந்தது லீனியேஜ். தயாரித்தவரே கைவிட்ட போனுக்கு அது மறுபிறவி. ஆனால் வேறு சிஸ்டம் ஏறாமல் தடுக்கும் பூட்டான பூட்லோடரைத் திறந்த அடுத்த நொடி போனில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் பேக்கப் எடுங்கள். பேங்க் ஆப்கள் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்புச் சோதனை வழியாகப் போனைப் பார்ப்பதால் பல ஆப்கள் திறக்காமல் அடம்பிடிக்கும். அதை ஏமாற்ற வழிகள் உண்டு, அவையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடையும். சாம்சங் என்றால் இன்னும் கவனம்: வேறு சாஃப்ட்வேர் போட்டதைக் காட்டிக்கொடுக்கும் நாக்ஸ் ஃபியூஸ் ஒரு தடவை போனால் போனதுதான், பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டாலும் மீளாது. விளையாட ஒரு போன், பணத்துக்கு ஒரு போன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் ஐபோன்தானே?

ஒரு காலத்தில் யோசிக்காமல் ஆமாம் என்பேன். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024இன் ஐஓஎஸ் 18 கிடைத்ததே. ஆனால் 2023இல் பிக்சல் 8க்கு கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் 7 வருட அப்டேட் தருவதாக அறிவித்துவிட்டன. விலை குறைந்த ஆண்ட்ராய்டு மாடல்களில் இதை எதிர்பார்க்காதீர்கள். எத்தனை வருடம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஆப்பிளுக்குக் கோயிலும் கட்ட வேண்டாம். பேட்டரி தளர்ந்த ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்து, 2017 டிசம்பரில் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்ட நிறுவனம்தான் அது. இன்று செட்டிங்ஸில் பேட்டரியின் ஆரோக்கியம் தெரிகிறதே, அந்தச் சண்டையில் கிடைத்ததுதான். என் கடைக்கு வரும் "ஸ்லோ" போன்களில் பாதிக்குப் புது பேட்டரி போட்டாலே போதும்.

கேள்வி: தமிழில் நிறைய எழுதுபவருக்கு எது வசதி?

இரண்டும்தான். ஐபோனில் 2013இல் ஐஓஎஸ் 7இலேயே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் கீபோர்டுகளும் உள்ளேயே வந்துவிட்டன. வேறு கீபோர்டு போட்டாலும் பாஸ்வேர்டு அடிக்கும் இடத்தில் ஆப்பிள் தன் கீபோர்டைத்தான் காட்டும். பயப்படாதீர்கள், அது பாதுகாப்புக்காக.

கேள்வி: அப்பாவின் சாம்சங்கில் வாரத்துக்கு ஒரு ஐகான் காணாமல் போகிறது. ஐபோன் வாங்கித் தரட்டுமா?

அதற்காக அவ்வளவு செலவா! முகப்புத் திரையின் காலி இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து, செட்டிங்ஸில் போய், திரை அமைப்பைப் பூட்டும் ஆப்ஷனைப் போட்டுவிடுங்கள். இனி ஐகான் நகராது. காணாமல் போனவற்றை மட்டும் முதலில் தேடி எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.