தோட்டம் கேள்வி–பதில்: சருகு மூட்டை எங்கே?

கேள்வி: வீட்டு முன்புறம் இருபதுக்குப் பதினைந்து அடியில் புல்தரை இருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டிய புல்லைக் கறுப்புப் பையில் கட்டி வைத்தால் குப்பை வண்டியில் எடுப்பதில்லை. மூன்றாம் நாள் பையைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம், உள்ளே கை வைக்க முடியாத சூடு. என்ன செய்யலாம் அம்மா?
– வாசகி, ஹொரமாவு, பெங்களூர்

பதில்: அந்த நாற்றம் எனக்கு நன்றாகவே தெரியும்மா. காக்ஸ் டவுனுக்குக் குடிவந்த முதல் மழைக்காலத்தில் புல்லை வெட்டிச் சுவரோரம் குவித்து வைத்தேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். "சாணி நாற்றம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இது என்னம்மா?" என்று கேட்டார். கிளறிப் பார்த்தால் உள்ளே பச்சைக் கூழ்.

பச்சைப் புல்லின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். குவித்தால் அமுங்கிப் பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும், காற்று புகாது. புல்லில் நைட்ரஜனும் அதிகம். அது அம்மோனியாவாகி மூக்கில் ஏறுகிறது. பையில் கட்டினால் இன்னும் மோசம்.

முதலில், எல்லாப் புல்லையும் வாரவே வேண்டாம். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், ஈரமில்லாத நேரமாகப் பார்த்து வெட்டினால், துண்டுகளைத் தரையிலேயே விட்டுவிடலாம். சில நாளில் மண்ணோடு மக்கி, புல்லுக்கே உரமாகிவிடும். தோட்டக்காரருக்கு வாரிப் பெருக்கினால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

மழையில் ஒரு வாரம் தவறவிட்டுப் புல் நீண்டுபோனால் வாரித்தான் ஆக வேண்டும். அதை ஒரு நாள் பரப்பி வாடவிட்டு, தக்காளி, கத்திரி, செம்பருத்தி அடியில் விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். களைக்கொல்லி தெளித்த புல்லாக இருந்தால் காய்கறிச் செடிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அதற்கும் மிஞ்சியது மக்கு உரத்துக்கு. இதில்தான் நம் ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. புல் கொழிப்பது ஜூனிலிருந்து அக்டோபர் வரை. அது கூழாகாமல் இருக்கத் துணையாக வேண்டிய சருகு கொட்டுவதோ மாசி, பங்குனியில். புங்கையும் தூங்குமூஞ்சி மரமும் தெருவையே மூடிவிடும். அப்போது எல்லோரும் சருகைத் தள்ளிவிட்டு, ஆடி மாதம் புல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். நான் ஒவ்வொரு பங்குனியிலும் பத்துப் பன்னிரண்டு அரிசிக் கோணிகளில் காய்ந்த சருகை மிதித்து அடைத்து, மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிடுவேன். மழைக்காலம் முழுக்க அதுதான் என் சொத்து.

அளவு எளிது: ஒரு கூடை புல்லுக்கு இரண்டு, மூன்று கூடை சருகு. கோழி வலையை மூன்றடி அகலத்துக்கு வளையமாகக் கட்டி, அடியில் சுள்ளிகளைப் பரப்பி, சருகும் புல்லும் மாறி மாறிப் போடுங்கள். இடையில் கொஞ்சம் சாணக் கரைசல், கிடைக்காவிட்டால் புளித்த மோர். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறுங்கள், கனமழைக்கு மேலே ஒரு ஷீட். இரண்டு மூன்று மாதத்தில் மழை நனைந்த மண்வாசனை வரும். இந்த வருஷம் உங்களிடம் சருகு இல்லையே? கிழித்த அட்டைப்பெட்டி, தேங்காய் நார், மரத்தூள் எதுவானாலும் சரி.

கேள்வி: சருகைக் கொளுத்தினால் சாம்பலும் உரம்தானே? எங்கள் தெருவில் தினமும் காலையில் கொளுத்துகிறார்கள்.
– வாசகர், அல்சூர்

பதில்: சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்பும் மிஞ்சும். நைட்ரஜனும், மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் கரிமப் பொருளும் புகையாகவே போய்விடும். அந்தப் புகை எந்த வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் இறங்குகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். எனக்கு இதில் கோபமே வரும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்துவிட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் பெங்களூரின் அல்மித்ரா படேல். பெருக்குகிறவரிடம் சண்டை வேண்டாம் தம்பி. நாலு காலிக் கோணியைக் கொடுத்து, "இதில் போட்டுக் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். என் தெருவில் அப்படித்தான் நின்றது.

கேள்வி: பார்த்தீனியம், கோரை இரண்டையும் மக்கு உரத்தில் போடலாமா?
– வாசகி, லிங்கராஜபுரம்

பதில்: பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்கினால் போடலாம். பூத்துவிட்டால் வேண்டவே வேண்டாம், ஒரே செடியில் ஆயிரக்கணக்கில் விதை. மழை பெய்த மறுநாள் வேரோடு வரும். கையுறை அவசியம், மூச்சிரைப்பு உள்ளவர்கள் கிட்டேயே போகாதீர்கள். கோரையின் தழையைப் போடலாம், கிழங்கு கூடாது. கிழங்கை வெயில் நாளில் மாடித் தரையில் பரப்பி, சுருங்கிக் கல் மாதிரி ஆகும்வரை காயவிடுங்கள்.