தம்பி பொய் சொல்லவில்லை

அன்புள்ள ஐயா,

மூளையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரிச்சி ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவரின் பெயரைச் சொல்கிறீர்கள். ஸ்கேன் வந்துவிட்ட காலத்தில் அவ்வளவு பழைய ஆய்வுகளுக்கு என்ன மதிப்பு? கேட்பதற்குக் காரணம் உண்டு. நான்கு மாதம் முன்பு என் தம்பி பைக்கிலிருந்து விழுந்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். அன்று மாலையே எங்களோடு நன்றாகப் பேசினான். இப்போது அந்தப் பேச்சும் நினைவில்லை, விபத்தும் நினைவில்லை, அதற்கு முந்தைய அரை மணி நேரமும் நினைவில்லை என்கிறான். எங்கே போனான், யாரோடு போனான் என்று தினமும் கேட்டுப் பார்க்கிறோம். எதையோ மறைக்கிறான் என்கிறார் அப்பா. எனக்கும் அப்படித்தான் படுகிறது. சினிமாவில் வருவதுபோல மறுபடி ஓர் அதிர்ச்சி ஏற்பட்டால் ஞாபகம் திரும்புமா?

ம.

அன்புள்ள ம.,

சினிமாவை விட்டுவிடுங்கள். அடிபட்ட மூளைக்கு இன்னொரு அடி கெடுதல் மட்டுமே செய்யும்.

‘தினமும் கேட்டுப் பார்க்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. தினமும்! நான்கு மாதமாக! வீட்டுக்குள்ளேயே ஒரு போலீஸ் ஸ்டேஷன் நடத்துகிறீர்கள் அம்மா.

ரஸ்ஸல் 1932-ல் எடின்பரோவில் தலையில் அடிபட்ட 200 பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி எப்போது கண்ணைத் திறந்தார், எப்போது பேசினார் என்பதோடு அவர் நிற்கவில்லை. எதிலிருந்து உங்களுக்குத் தொடர்ச்சியாக ஞாபகம் இருக்கிறது என்று நோயாளியிடமே கேட்டார். உறவினர் ‘அன்றைக்கே தெளிந்துவிட்டார்’ என்பார்கள். நோயாளியோ பல நாள் கழித்து நடந்த ஏதோ ஒன்றிலிருந்துதான் தன் கணக்கைத் தொடங்குவார். நடுவில் அவர் பேசியிருப்பார், சாப்பிட்டிருப்பார், கேட்டதற்குப் பதில் சொல்லியிருப்பார். எதுவும் உள்ளே பதிந்திருக்காது. உங்கள் தம்பியின் அந்த மாலைப் பேச்சு இந்த வகை. அந்த வெற்றுக் காலம் எவ்வளவு நீளம் என்பதை வைத்தே அடியின் கடுமையை அளக்கலாம் என்றார் ரஸ்ஸல். இன்றும் தலைக்காய மருத்துவர்கள் அதை அளக்கிறார்கள். பழைய ஆய்வுக்கு என்ன மதிப்பு என்று கேட்டீர்கள், இதுதான். ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும் காட்டும். ஒரு மனிதனுக்கு எந்த நேரத்திலிருந்து ஞாபகம் இருக்கிறது என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும், கேட்டால் நம்பவும் வேண்டும்.

அவர் 1935-ல் எழுதிய ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறேன். 22 வயதுப் பையன், கோல்ஃப் மைதானத்தில் புல்தரையைப் பராமரிப்பவன். 1933 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி வீசப்பட்டான். ஒரு வாரத்தில் தெளிவாகப் பேசினான். இது எந்த வருடம் என்றால் 1922 பிப்ரவரி என்றான். தான் பள்ளிக்கூடம் போகும் பையன் என்றான். இடையில் ஆஸ்திரேலியாவில் ஐந்து வருடம் இருந்திருக்கிறான், திரும்பி வந்து இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறான். எதுவும் இல்லை. இரண்டாவது வாரம் ஆஸ்திரேலியா திரும்பி வந்தது. மூன்றாவது வாரம் வேலை பார்த்த ஊருக்கே போனான், புது ஊராகத் தெரிந்தது, வழி தவறினான். அப்படியே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். பத்து வாரம் ஆனபோது அந்த இரண்டு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்துவிட்டது. விபத்துக்கு முந்தைய சில நிமிடங்கள் மட்டும் வரவில்லை.

பதினோரு வருடம் திரும்பி வருகிறது, சில நிமிடம் வரவில்லை! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிறகு 1946-ல் ரஸ்ஸல், பீட்டர் நேதன் என்ற மருத்துவரோடு சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து எழுதினார். பெரும்பாலானவர்களுக்கு விபத்துக்கு முன்னால் தொலைந்தது அரை மணிக்குள்தான். அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. நடந்த ஒன்று நினைவாக இறுகக் கொஞ்ச நேரம் வேண்டும். இறுகுவதற்குள் அடி விழுந்தால் அது நினைவாக ஆவதே இல்லை. உங்கள் தம்பி பெட்டியைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைக்கிறீர்கள். பெட்டியில் எதுவும் வைக்கப்படவே இல்லை.

எலும்பு முறியாமல் இது எப்படி என்று உங்கள் அப்பா கேட்பார். 1941-ல் டென்னி-பிரௌன் என்ற இன்னொரு நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து ரஸ்ஸல் விலங்குகளில் செய்த சோதனையைச் சொல்லுங்கள். தலையை அசையாமல் பிடித்து அடித்தபோது மயக்கம் வரவில்லை. தலை தாராளமாக அசையும்போது அதே அடி சாய்த்துவிட்டது. தலை திடீரென்று வேகம் கொள்வதே மூளையைக் கலக்கப் போதும்.

சரி, நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவர் வழக்கமாகப் போகாத ஒரு சாலையில் கிடந்தார். கைப்பையில் அரைக் கிலோ திராட்சையும் ஒரு புது டார்ச் லைட்டும். யாருக்கு அந்தத் திராட்சை? வந்தவர்கள் எல்லாரும் முதலில் ‘என்னைத் தெரியுதா’ என்று கேட்டார்கள், அப்புறம் ‘எங்க போனீங்க’ என்று கேட்டார்கள். அம்மா கேட்டாள், நான் கேட்டேன். ‘ஞாபகம் இல்லடா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், உடம்பு சரியில்லாத ஒரு பழைய நண்பரைப் பார்க்கப் போனதாகச் சொன்னார். விசாரித்தால் அந்த நண்பர் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. அம்மா அதற்குப் பிறகு நெடுநாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு நாங்கள்தான் அவரை ஒரு பதிலைக் கட்ட வைத்தோம். திராட்சையிலிருந்து ஒரு நோயாளி, நோயாளியிலிருந்து ஒரு நண்பர். ரஸ்ஸலைப் படித்தபோது அப்பா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

உங்கள் வீட்டிலும் தம்பி ஒருநாள் ஒரு கதை சொல்வான். உங்கள் கேள்விகளில் இருக்கும் பெயர்களையும் இடங்களையும் வைத்தே அதைச் சொல்வான். அப்புறம் அதில் ஓட்டை கண்டுபிடித்து, பார்த்தாயா, மறைத்தான் என்பீர்கள். வேண்டாம் அம்மா. உங்கள் அப்பாவிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. இரண்டு பக்கக் கடிதத்தில் தம்பிக்குத் தலைவலி இருக்கிறதா, தூங்குகிறானா, வேலையில் கவனம் நிற்கிறதா, மறுபடி டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு வரிகூட இல்லை. இன்று ராத்திரி அதைக் கேளுங்கள்.