காந்தம் சுற்றினால் கரண்ட் வருமென்றால் நிலக்கரி எதற்கு?

கேள்வி (பெரம்பூர் வாசகர்): கம்பிச்சுருளுக்குள் காந்தம் சுற்றினால் கரண்ட் வரும் என்று என் பையனின் பாடத்தில் இருக்கிறது. காந்தம் தேய்ந்துபோவதும் இல்லை. அப்புறம் எதற்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி இறக்கி எரிக்கிறோம்? வருகிற கரண்டிலேயே ஒரு மோட்டாரை ஓட்டி, அந்த மோட்டாரை வைத்தே காந்தத்தைச் சுற்றினால் செலவே இல்லையே? அப்படி ஓடுவதாக வீடியோகூட வருகிறது.

பதில்: அந்த வீடியோக்களை நம்பி எதையும் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்வி அருமையானது, பரீட்சைக்குப் படிக்கும்போது எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகிற இடத்தில் நீங்கள் நின்று கேட்டிருக்கிறீர்கள்.

காந்தம் கம்பிக்குப் பக்கத்தில் சும்மா இருந்தால் ஒன்றும் வராது. 1831 ஆகஸ்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றி, ஒன்றில் பேட்டரியை இணைத்தார். இணைத்த நொடியில், அடுத்த சுருளின் கம்பிக்குப் பக்கத்தில் வைத்திருந்த காந்த முள் துள்ளியது, பிறகு அடங்கிவிட்டது. பேட்டரியை எடுத்தபோது மறுபடி துள்ளியது, இந்த முறை எதிர்ப்பக்கம். அக்டோபரில் காந்தத்தையே சுருளுக்குள் நுழைத்து எடுத்துப் பார்த்தார், நகரும்போது மட்டும் கரண்ட். ஆக, காந்தப்புலம் இருப்பது போதாது, அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, சுற்றிக்கொண்டே இருந்தால் போச்சு என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சுருளில் கரண்ட் ஓடத் தொடங்கியதும் அந்தச் சுருளே ஒரு காந்தமாகிவிடுகிறது, அது எந்த அசைவால் பிறந்ததோ அந்த அசைவையே எதிர்த்துத் தள்ளுகிறது. இதை 1834-ல் லென்ஸ் என்பவர் விதியாகச் சொன்னார். பழைய சைக்கிளில் டைனமோவை டயரோடு சேர்த்து மிதித்தவர்களுக்கு இது காலிலேயே தெரியும், விளக்கு எரியத் தொடங்கியதும் பெடல் கனத்துவிடும். பல்பைக் கழற்றிவிட்டால் கரண்ட் ஓடாது, அந்தக் கனத்தில் பெரும்பகுதி போய்விடும்.

அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தில் நடப்பதும் இதேதான். நிலக்கரி எரிகிறது, தண்ணீர் ஆவியாகிறது, ஆவி டர்பைன் என்கிற இறக்கைச் சக்கரத்தைத் தள்ளிச் சுற்றுகிறது, அதன் தண்டில் இருக்கும் மின்காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 50, நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதுதான். நிலக்கரி கரண்டாக மாறுவதில்லை, கரண்ட் எதிர்த்துத் தள்ளுவதை மீறிச் சுற்றவைக்கிறது, அவ்வளவே. அதிலும் எரித்த சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. கல்பாக்கத்தில் ஆவிக்கான சூடு அணு உலையிலிருந்து வருகிறது, நீலகிரியின் குந்தாவில் மலையிலிருந்து விழும் தண்ணீர் நேராகவே டர்பைனைச் சுற்றுகிறது. காந்தமும் சுருளும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

மே மாத ராத்திரியில் ஊர் முழுக்க ஏசி போடும்போது அந்தக் கனத்தை ஜெனரேட்டர்கள் உணர்கின்றன. வேகம் ஒரு துளி குறையும், உடனே கட்டுப்பாட்டுக் கருவி ஆவி வால்வைக் கொஞ்சம் கூடத் திறக்கும். 2013 டிசம்பர் 31-ல் தென்மாநிலங்களின் மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்துவிட்டதால், நீங்கள் பெரம்பூரில் போடும் சுவிட்சின் பாரத்தை எங்கெங்கோ சுற்றும் ஜெனரேட்டர்களும் சேர்ந்து தாங்குகின்றன. எனக்கு இதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கும்.

உங்கள் மோட்டார் யோசனைக்கு வருவோம். ஜெனரேட்டர் தருகிற கரண்ட் முழுவதும் மோட்டாருக்குப் போனாலும், பேரிங் உராய்விலும் கம்பிச் சூட்டிலும் கொஞ்சம் போய்விடும், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட மெதுவாகும், சீக்கிரமே நின்றுவிடும். விளக்கு ஒன்றை வேறு அதில் மாட்டினால் இன்னும் சீக்கிரம்.

கேள்வி (மடிப்பாக்கம் வாசகி): மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். அதில் எது சுற்றுகிறது?

பதில்: எதுவும் சுற்றவில்லை. வெயில் சிலிக்கானில் உள்ள எலக்ட்ரான்களை நேராகவே நகர்த்துகிறது. அதில் வருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், இன்வெர்ட்டர் அதைத் திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டாக்கித் தருகிறது.

கேள்வி (அம்பத்தூர் வாசகி): இண்டக்ஷன் அடுப்பில் இரும்பு தோசைக்கல் சூடாகிறது, அலுமினியச் சட்டி சூடாவதில்லையே?

பதில்: அதுவும் ஃபாரடே கண்டதேதான், இங்கே காந்தம் சுற்றுவதற்குப் பதிலாகக் கண்ணாடிக்குக் கீழே உள்ள சுருளில் கரண்ட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறுகிறது. அதனால் பாத்திரத்தின் அடியிலேயே கரண்ட் பிறக்கிறது. காந்தம் ஒட்டும் இரும்பில் அந்தக் கரண்ட் அடிப்பக்கத்தில் மிக மெல்லிய அடுக்கில் நெருக்கிக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால் தடை அதிகம், நன்றாகச் சுடும். அலுமினியத்தில் தடை குறைவு, சுலபமாக ஓடிவிடுகிறது, போதிய சூடு வராது, சாதாரண அடுப்புகள் பாத்திரமே இல்லை என்று நினைத்து அணைந்துவிடும். எவர்சில்வரில் சில ஒத்துவரும், சில வராது. கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கையோடு எடுத்துப்போங்கள், பாத்திரத்தின் அடியில் பிடிப்பாக ஒட்டினால் வாங்கலாம்.