உங்கள் கூடாரத்துக்கு எத்தனை கதவுகள்?

கேள்வி: கொரோனா காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவுக்கு நோய் வந்தது. கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலும் ஒட்டிவிட்டார்கள். ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்ற 91ஆம் சங்கீதத்தைத் தினமும் மூன்று வேளை வாசித்தேன். ஆனாலும் பயம் போகவில்லை. அவர்கள் படியில் கஞ்சி வைத்துவிட்டு வரும்போதெல்லாம் கை நடுங்கியது. வசனத்தால் பயத்தை வென்றோம் என்று எங்கள் சபையில் இன்றும் சாட்சி சொல்கிறார்கள். எனக்குத்தான் விசுவாசம் குறைவா?
— ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ‘கூடாரம்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

சங்கீதக்காரன் கண்ட கூடாரம் வெட்டவெளியில் அடித்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே காற்று புகுந்து போகும். நமக்கு வாய்த்த கூடாரம் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு என்கிற திண்ணை, எல்லார் தலைக்கும் மேலே ஒரே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்கதவுக்கும் வழியில்லை. நான் பிறந்த காம்பராவில் குறுக்குச் சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் தாளித்தால் கடுகு வெடிக்கும் சத்தம் எங்கள் பாயில் விழும். இரவில் அந்தத் தாத்தா இருமினால், ‘வெந்நீர் குடித்தாரோ என்னவோ’ என்று அம்மா இருட்டுக்குள் சொல்லிக்கொண்டு படுப்பார். இப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறவர்களிடம்தான், நோயாளியைத் தனி அறையில் வையுங்கள், தனிக் கழிவறை கொடுங்கள் என்று வானொலியில் சொன்னார்கள். எந்த அறை? எந்தக் கழிவறை?

தோட்டத்து மக்களுக்குச் சொந்தமாக வீட்டுக் காணி வேண்டும், வீட்டுக் காணி வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் எழுதுவதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். ஏன் எழுதுகிறேன் என்பதற்கு 2020ஆம் ஆண்டே சாட்சி. நாட்டில் ஊரடங்கு போட்டபோதும் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. நாட்டுக்குத் தேயிலை வேண்டும். அதைப் பறிக்கிற கைக்கு முடங்கிப் படுக்கத் தனியாக ஓர் அறை வேண்டும் என்பது மட்டும் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

ஆகவே, லயத்தில் இருந்துகொண்டு ‘உன் கூடாரம்’ என்று வாசிக்கிறவருக்கு அந்த வசனம் வேறு விதமாகத்தான் கேட்க வேண்டும். கூரை ஒன்று, எனவே கூடாரமும் ஒன்று. அதற்குப் பத்துப் பன்னிரண்டு கதவுகள். பக்கத்துக் கதவில் அறிவித்தல் ஒட்டப்பட்ட அன்றே வாதை உங்கள் கூடாரத்துக்குள் வந்தாகிவிட்டது. ‘என் காம்பராவை மட்டும் அணுகாது’ என்று அதை வாசிக்க நம்மால் ஆகாது. உங்கள் கை ஏன் நடுங்கியது என்பதற்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மறைத்துக்கொள்ள உங்களுக்குச் சுவர் இருக்கவில்லை.

இனி அந்தச் சங்கீதத்துக்கு வருகிறேன். நீங்கள் வாசித்தது பத்தாம் வசனம். அதற்கு அடுத்த இரண்டு வசனங்களை மனப்பாடமாகச் சொன்னவன் யார் தெரியுமா? சாத்தான். மத்தேயு நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, ‘தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே’ என்கிறான். அந்த வாக்குறுதி பொய் என்று இயேசு சொல்லவில்லை. குதிக்கவும் இல்லை. கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்றார். ‘எங்களை நோய் தொடாது’ என்று முகக்கவசத்தைக் கழற்றி வீசிவிட்டுக் கூட்டம் கூட்டியவர்கள் இந்த ஒரு பக்கத்தை ஆற அமர வாசித்திருந்தால் எத்தனையோ பேர் இன்று உயிரோடிருப்பார்கள். இதை நான் மேடையிலும் சொல்லி, அச்சிலும் எழுதி, நல்ல நண்பர்கள் சிலரை இழந்திருக்கிறேன். திரும்பவும் சொல்வேன்.

‘பைபிளில் பயப்படாதே என்ற சொல் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று’ என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். உட்கார்ந்து எண்ணினால் அவ்வளவு வராது. வேதத்துக்கு நாம் கணக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. அதே வேதத்தில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு ‘திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்’ என்று மாற்கு எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை மேடையில் யாரும் உரக்க வாசித்து நான் கேட்டதில்லை. தேவகுமாரனுக்கே திகில் வந்ததாகச் சுவிசேஷம் சொல்லும்போது, பொகவந்தலாவையில் ஒரு தாய்க்குப் பயம் வந்ததை விசுவாசக் குறைவு என்று தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்?

சாட்சி வேண்டுமென்றால் நம் மலைநாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கத்தோலிக்கர் அல்லாத சபைகளில் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. அது நமக்குத்தான் இழப்பு. யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்தார். கத்தோலிக்கக் குருக்களை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தடை செய்திருந்த காலம். அதனால் கூலியாள் வேடத்தில் கரையிறங்கினார். யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த உடனேயே வயிற்றுக்கடுப்பில் விழுந்து சாவின் விளிம்புவரை போனார். நோயில் கிடப்பது என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியும். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கீச உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டுப் போனார்கள். நோயாளிகளை வீட்டார் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகன் முறையான இன்னொரு குருவும் ஊரிலேயே இருந்தார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடி எடுத்து, கூரைக்குள் கிடத்தி, புண்ணைக் கழுவினார்கள், சோறு ஊட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். அவர்களில் பௌத்தர் யார், கத்தோலிக்கர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. அடிகளார் வறட்சிக் காலத்தில் ஜெபித்து மழை பெய்வித்தார் என்று ஒரு வரலாறு உண்டு. திருவிழாப் பிரசங்கங்களில் அதுதான் முதலில் வரும். எனக்கு அந்த மழையைவிட, சீழ் பிடித்த துணியைத் துவைத்த அந்தக் கைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவர் 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பயப்படுகிறவர்களை நான் குறைகூற மாட்டேன். பயத்தை அடுத்தவர் தலையில் சுமத்துவதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் 2020 தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, சில லயங்களில் பொதுக் குழாயான பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கவும் விடவில்லை. அந்தப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில்தான் பல அடுப்புகள் எரிந்தன. அரசாங்கத்துக்கும் ஒரு பயம் வந்தது. அது சட்டமாக வந்தது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், கட்டாயம் எரிக்க வேண்டும் என்றார்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் பெற்றோரை மண்ணுக்குக் கொடுக்க முடியாமல் நின்றார்கள். 2021 பெப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குள் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையையும் எரித்துவிட்டார்கள். உயிர்த்தெழுதலைப் பிரசங்கிக்கிற நம் சபைகளில் எத்தனை, முஸ்லிம் அயலவருக்காக அன்று வாய் திறந்தன? அந்த மௌனத்தைத்தான் விசுவாசக் குறைவு என்பேன்.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ‘தடுப்பூசி போடுகிறவனுக்கு விசுவாசம் இல்லை’ என்று சொன்ன ஒருவரோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) தமிழ்நாட்டுக் கரையில் இருந்த மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து வந்தவர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்கள் நோய்க்குப் பயந்து எல்லாரையும் அங்கே அடைத்து வைத்து அம்மை குத்திய பிறகுதான் கப்பலேற்றினார்கள். அப்பாயியின் மேல்கையில் காசளவு தழும்பு இருந்தது. சிறுவயதில் அதை விரலால் தடவிக்கொண்டே தூங்குவேன். அந்த முகாமில் மனிதரை நடத்திய விதம் கொடுமை. ஆனால் அந்த ஊசி நல்லது. வாஸ் அடிகளார் கழுவிய அதே பெரியம்மைப் புண், அப்படிப்பட்ட ஊசிகளால்தான் 1980இல் உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்பாயி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர். தழும்பும் ஜெபமாலையும் ஒரே கையில்தான் இருந்தன.

சகோதரி, நீங்கள் மூன்று வேளை ஜெபித்ததைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள். கஞ்சியைப் பற்றி ஒரே வரி. அதையும் உங்கள் பலவீனத்துக்கு அத்தாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கை நடுங்கியது, ஆனால் சட்டி படிவரை போனது. ஒரு நாளல்ல, ‘வரும்போதெல்லாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சபையில் அடுத்த முறை சாட்சி சொல்ல அழைத்தால் இதைச் சொல்லுங்கள், நடுக்கத்தையும் சேர்த்து.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எழுந்து நடமாடினார்களா? வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் லயங்களில் இல்லை. அது திரும்பி வந்தபோது உள்ளே என்ன இருந்தது? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.